பதினோரு வீட்டுச் சாம்பல்

மார்ச் 4

அன்புள்ள அக்காவுக்கு,

பத்திரமாக வந்து சேர்ந்துவிட்டேன். உடம்புக்கு ஒன்றுமில்லை. உன் முழங்கை வலி எப்படி இருக்கிறது? இன்னும் இடது கையாலேயே மாவு பிசைகிறாயா? அத்தான் லாரிச் சவாரி முடிந்து வீட்டுக்கு வந்தாரா?

முகாம் என்றதும் கூடாரம் என்று நினைத்து நீ கம்பளி கட்டிக் கொடுத்தாய். இது ஒரு பழைய பள்ளிக்கூடம். என் கட்டில் ஐந்தாம் வகுப்பில் இருக்கிறது. கரும்பலகையில் யாரோ போட்ட வகுத்தல் கணக்கு இன்னும் அழியாமல் இருக்கிறது, விடை தப்பு. போனுக்கு டவர் எடுக்காது. வாரம் ஒருமுறை சாமான் வண்டி வரும், தபாலும் அதோடுதான். ஆகவே எழுது.

வேலை என்னவென்று கேட்டாயே. அணு உலை வெடித்து ஏழு வருஷம் ஆகிறதல்லவா, அன்று காற்றில் வந்து இறங்கியது வேலி போட்டு அடைத்த இந்தக் காட்டுக்குள் எங்கெங்கே போய் உட்கார்ந்திருக்கிறது என்று மரம் மரமாகப் பார்ப்பதுதான். கையால் திருகும் ஒரு துளைக்கருவியை மரத்தின் நெஞ்சு வரைக்கும் செலுத்தி, பென்சில் கனத்தில் ஒரு குச்சியை உருவி எடுக்க வேண்டும். அதை ஆய்வகத்தில் துண்டு துண்டாக வெட்டி எண்ணுவார்கள். ஒரு நாளைக்கு இருபது மரம். தோள் கழன்றுவிடும் போலிருக்கிறது.

அத்தானுக்கு என் வணக்கம். பதில் போடு.

உன் தம்பி


மார்ச் 19

என் அருமை மரங்கொத்திக்கு,

இனி உனக்கு இதுதான் பெயர். உன் கடிதத்தைப் படித்துவிட்டு உன் அத்தான்தான் வைத்தார். நாங்கள் நன்றாக இருக்கிறோம். முழங்கை பரவாயில்லை. நீ முகமூடி, கையுறை எல்லாம் போட்டுக்கொண்டுதானே வேலை செய்கிறாய்? வேர்க்கிறது என்று கழற்றி வைக்கிற ஆள் நீ, எனக்குத் தெரியாதா!

நம் பேக்கரி ஓடுகிறது. போன வருஷம் விறகுக்கடைக்காரர் கடையை மூடிவிட்டுப் போனதும் இருபது நாள் அடுப்பு ஆறிக் கிடந்ததே, அந்தக் கஷ்டம் இப்போது இல்லை. அத்தானே எங்கிருந்தோ விறகு பார்த்துக் கொண்டு வருகிறார். பட்டை உரித்து, சுத்தமாக, காய்ந்த கட்டை. என்ன அனல் தெரியுமா! ரொட்டி அப்படிப் பொங்கி வருகிறது. சாம்பலும் பூ மாதிரி வெள்ளை. மாடியில் இருக்கிற தையல்காரப் பெண் தினமும் ஒரு வாளி வாங்கிக்கொண்டு போய்த் தன் தொட்டிச் செடிகளுக்குப் போடுகிறாள். கீரை மதமதவென்று வளர்ந்திருக்கிறது. நல்ல செய்தி ஒன்று: அவள் மூன்று மாதம். ஆறு வருஷம் கழித்து.

நீயும் காலாகாலத்தில் ஒரு கல்யாணம் பண்ணிக்கொள். மரத்தையே கட்டிப்பிடித்துக்கொண்டு நிற்காதே.

அன்புடன்,
அக்கா


ஏப்ரல் 6

அன்புள்ள அக்காவுக்கு,

சௌக்கியம்தானே? முகமூடியைக் கழற்றுவதில்லை. எங்கள் ஆய்வகத் தலைவி ஒருத்தர் இருக்கிறார், கண்ணாடியம்மா என்போம். கழற்றினால் அந்தக் கண்ணாடிக்கு மேலாக ஒரு பார்வை பார்ப்பார். அதற்குப் பயந்தே மாட்டிக்கொண்டிருக்கிறேன்.

அவர் சொல்லித்தான் எனக்கே புரிந்தது. வெடித்த அன்று விழுந்தது முதலில் இலையிலும் பட்டையிலும்தான் ஒட்டியது. இலை உதிர்ந்தது, மட்கியது, மண்ணில் இறங்கியது. மண்ணிலிருந்து வேர் உறிஞ்சியது. சீசியம் என்று பெயர். மரத்துக்குத் தேவையான பொட்டாசியத்தின் சாயலிலேயே இருக்குமாம். மரத்துக்கு ஆள்மாறாட்டம் தெரியவில்லை, நம் ஆள் என்று உள்ளே விட்டுவிடுகிறது. இப்போது பட்டையில் வருஷா வருஷம் குறைந்துகொண்டே வருகிறது, உள்கட்டையில் ஏறிக்கொண்டே போகிறது. வெளியே பார்த்தால் நல்ல மரம். நான் இன்று துளைத்த மரத்தில் ஒரு கிளி உட்கார்ந்து என்னைத் திட்டிக்கொண்டிருந்தது.

இதை ஏன் விலாவாரியாக எழுதுகிறேன் என்றால், போன வாரம் வடக்குப் பகுதிக்குப் போனோம். போன வருஷம் எங்கள் ஆட்கள் முப்பது மரம் துளைத்து வைத்த இடம். முப்பதில் பதினெட்டைக் காணோம். வெட்டின அடிக்கட்டை மட்டும் நிற்கிறது. யாரோ லாரியில் ஏற்றிக்கொண்டு போயிருக்கிறார்கள். கண்ணாடியம்மாவுக்கு வந்ததே கோபம்! "மரமா நின்னா அதோட போகும். எரிச்சாங்கன்னா அத்தனையும் சாம்பல்ல வந்து சேரும், அறுபது எழுபது மடங்கா" என்றார்.

அத்தான் விறகு எங்கே வாங்குகிறார் என்று சும்மா ஒரு வார்த்தை கேட்டு வை. அந்த மரம் உங்கள் ஊர்ப் பக்கம் வந்துவிடக் கூடாது.

அன்புத் தம்பி


மே 2

அன்புள்ள தம்பிக்கு,

உன் கடிதம் கிடைத்து மூன்று வாரம் ஆகிறது. பதில் எழுதத் தள்ளிப்போய்விட்டது, வேலை. இங்கே எல்லாரும் நலம். நீயும் அப்படியே இருப்பாய் என்று நம்புகிறேன்.

கடையில் புதிதாகத் தராசு வாங்கியிருக்கிறோம். தெருமுனைச் சலூன்காரர் தன் கடைக்குப் பச்சைச் சாயம் அடித்திருக்கிறார், பார்க்கவே கண் கூசுகிறது. மழை சரியாக இல்லை.

ஒரு வாடிக்கைக்காரர் கேட்டார்: மரத்தைத் துளைத்தபிறகு அந்த ஓட்டையை என்ன செய்வீர்கள்? அப்படியே விட்டுவிடுவீர்களா, எதையாவது வைத்து அடைப்பீர்களா? தெரிந்தால் எழுது. அவசரம் ஒன்றுமில்லை.

அக்கா


மே 10

அக்கா,

மரமுளை ஒன்றை அடித்து அடைப்போம். விரல் நீளம். எந்த மரம் துளைத்தாயிற்று என்று தெரிவதற்காக முளையின் தலையில் நீலச் சாயம் தொட்டு வைப்போம்.

ரொட்டி வாங்க வருகிற யாரும் இதைக் கேட்க மாட்டார்கள். நீ கேட்கிறாய். உன் விறகில் அதைப் பார்த்தாயா?

பார்த்திருந்தால் நான் சொல்வதை மட்டும் செய். சாம்பலை உலர்ந்தபடியே பெருக்காதே, தண்ணீர் தெளித்துவிட்டு அள்ளு. மூக்கையும் வாயையும் ஈரத்துணியால் கட்டிக்கொள். யாருக்கும் கொடுக்காதே. ஒரு தீப்பெட்டி அளவு சாம்பலும், காய வைத்த ரொட்டித் துண்டு ஒன்றும் தனித்தனி டப்பாவில் போட்டு எனக்கு அனுப்பு. உன் உடம்பையும் ஆஸ்பத்திரியில் காட்டு, அங்கே ஆளை நிற்க வைத்துக் கதிர்வீச்சை அளக்கிற கருவி வந்திருக்கிறது. நாள்தோறும் அடுப்புக்குள் தலையை விட்டுச் சாம்பல் அள்ளுகிறவள் நீதான்.

தம்பி


மே 31

அன்புள்ள அக்காவுக்கு,

மூன்று சாமான் வண்டி வந்து போய்விட்டது. உன் கடிதம் இல்லை. உடம்புக்கு ஏதாவதா? நான் ஏதாவது தப்பாக எழுதிவிட்டேனா? கோபம் என்றால் கோபம் என்றாவது நாலு வரி எழுது. திட்டி எழுது. எழுதாமல் மட்டும் இருக்காதே.

ஆஸ்பத்திரிக்குப் போனாயா?

தம்பி


ஜூன் 20

அன்புள்ள தம்பிக்கு,

உன்மேல் எனக்கு என்ன கோபம்? எழுத உட்காருவேன், பேனாவை மூடி வைத்துவிட்டு எழுந்துவிடுவேன். இன்று முடித்துவிடுவது என்று உட்கார்ந்திருக்கிறேன்.

ஏப்ரல் கடைசியில் விறகு அடுக்கும்போது ஒரு கட்டையில் நீலப்பொட்டு பார்த்தேன். கத்தியால் நெம்பினேன், முளை கையோடு வந்தது. உன்னைக் கேட்டேன். நீ எழுதிய பதிலைக் கையில் வைத்துக்கொண்டே உன் அத்தானிடம் போனேன். சாப்பிட்டுக்கொண்டிருந்தார். முளையைத் தட்டுக்குப் பக்கத்தில் வைத்தேன்.

"இது எங்கேருந்து வந்துச்சு?"

இடது கையால் எடுத்துத் திருப்பிப் பார்த்தார். "வேலிக்கு வெளியே வெட்டினதுன்னுதான் வித்தவங்க சொன்னாங்க."

"நீங்க நம்பினீங்களா?"

"பட்டையை உரிச்சுட்டுத்தானே கொண்டு வர்றேன். விஷம் பட்டையிலதான்னு எல்லாரும் சொல்றாங்க."

"என் தம்பி உள்ளே இருக்குதுன்னு எழுதியிருக்கான். ஏப்ரல்லயே உங்களுக்குப் படிச்சுக் காட்டினேன்."

"ஆமா. படிச்சே." கையைக் கழுவிக்கொண்டு வந்தார். "இருபது நாள் அடுப்பு ஆறிக் கிடந்தப்ப நீ அந்த வாசப்படியில உட்கார்ந்திருந்தே. அதை இன்னொரு தடவை என்னால பார்க்க முடியாதுன்னு நினைச்சேன். வேற ஒண்ணும் நினைக்கலை."

கத்தியிருந்தால் நானும் கத்தியிருப்பேன். அவர் இப்படிச் சொன்னதும் முளையை எடுத்து முந்தானையில் முடிந்துகொண்டேன். நீ சாம்பல் கேட்டாய். அந்தச் சாம்பல் வாயைத் திறந்தால் அவரை உள்ளே வைப்பார்கள். அதனால்தான் அனுப்பவில்லை. அடுப்பையும் நிறுத்தவில்லை. நிறுத்தினால் ஏன் என்று கேட்பார்களே. ஈரத்துணி கட்டிக்கொள்கிறேன், தண்ணீர் தெளிக்கிறேன். தையல்காரப் பெண்ணுக்குச் சாம்பல் கொடுப்பதை மட்டும் நிறுத்திவிட்டேன், வேறொருவர் மொத்தமாகக் கேட்டுவிட்டார் என்று புளுகினேன். முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டாள். ஆனால் பழைய தொட்டிகளிலேயே கீரை பறிக்கிறாள். மாடிப்படியில் பார்க்கும்போதெல்லாம் சிரிக்கிறேன்.

இதோடு டப்பா இரண்டு வைத்திருக்கிறேன். நீ என்ன செய்ய வேண்டுமோ செய்.

அக்கா


ஜூலை 2

அன்புள்ள அக்காவுக்கு,

டப்பா வந்தது. நீ நலமாக இரு என்று சம்பிரதாயத்துக்கு எழுதவில்லை, உண்மையாகவே வேண்டிக்கொண்டு எழுதுகிறேன்.

ரொட்டி தப்பித்தது. அடியில் ஒட்டியிருந்த சாம்பலில் கொஞ்சம் இருக்கிறது, உள்ளே அநேகமாக ஒன்றுமில்லை. உன்னிடம் ரொட்டி வாங்கித் தின்றவர்களை நினைத்து நீ தூக்கத்தைக் கெடுத்துக்கொள்ள வேண்டாம்.

சாம்பல் அப்படி இல்லை. கருவியில் வைத்ததும் எண் ஏறிக்கொண்டே போனது. இங்கே குப்பையாகக் கொட்டுவதற்கு வரம்பு ஒன்று உண்டு, அதைப் போல் நாற்பது மடங்கு. அடுப்பை இன்றோடு நிறுத்து. காரணம் யார் கேட்டாலும் கேட்கட்டும்.

பதிவேட்டில் மாதிரி எண் எழுதினேன், எடை எழுதினேன். எங்கிருந்து வந்தது என்ற கட்டத்தைக் காலியாக விட்டிருக்கிறேன். இந்த வேலைக்கு வந்து நான் செய்த முதல் தப்பு இது, எத்தனை நாள் தாங்கும் என்று தெரியாது.

தையல்காரப் பெண்ணிடம் நீ போய்ச் சொல்ல வேண்டும். அவள் இனி ஒரு இலைகூடப் பறிக்கக் கூடாது. அவள் வீட்டு முகவரிக்கு நானே எழுதலாமா என்று யோசித்தேன். எழுதினால் அது எங்கள் ஆபீஸ் கடிதமாகிவிடும். நீ சொன்னால்தான் அது சொன்னதாக இருக்கும்.

ஆஸ்பத்திரிக்குப் போனாயா? இதோடு மூன்றாவது தடவை கேட்கிறேன்.

தம்பி


ஜூலை 18

அன்புள்ள தம்பிக்கு,

கடிதம் வந்த அன்றே அடுப்பை அவித்தேன். கதவில் 'பழுதுபார்ப்பு' என்று அட்டை எழுதித் தொங்கவிட்டேன், அதுவும் புளுகுதான். மாடிக்குப் போக எனக்கு இன்னும் ஐந்து நாள் ஆயிற்று.

அவள் சின்னதாக ஒரு சட்டை தைத்துக்கொண்டிருந்தாள். என் உள்ளங்கை அகலம்தான் இருக்கும்.

"வாங்க ரொட்டியக்கா. சாம்பல் கொண்டு வந்தீங்களா?"

"இனிமே வராதும்மா. அதைச் சொல்லத்தான் வந்தேன்."

எல்லாவற்றையும் சொன்னேன். விறகு, காடு, உன் கருவி, நாற்பது மடங்கு, என் வீட்டுக்காரர். ஒன்றையும் மறைக்கவில்லை. மெஷின் மேல் வைத்த கையை அவள் எடுக்கவே இல்லை.

"எனக்கு ஏழு மாசம்" என்றாள்.

"தெரியும்மா."

"உங்களுக்கு இது எப்போ தெரியும்?"

இந்தக் கேள்வி வரும் என்று எதிர்பார்த்துத்தான் போயிருந்தேன். "ஏப்ரல் கடைசியில."

"இது ஜூலை."

"ஆமா."

"ரெண்டரை மாசம். தெரிஞ்சுக்கிட்டே படியில நின்னு, உடம்பு எப்படியிருக்கு, சத்தா கீரை கீரையா சாப்பிடுன்னு சொன்னீங்க."

நான் அப்படிச் சொல்லியிருக்கிறேன், தம்பி. பழக்கத்தில் வாயில் வந்துவிட்டது. அவள் சொன்ன பிறகுதான் எனக்கே நினைவு வந்தது.

திட்டுவாள் என்று நின்றேன். திட்டவில்லை. எழுந்து பால்கனிக்குப் போனாள், பின்னாலேயே போனேன். தொட்டியைத் தூக்கக் குனிந்தாள். "நீ தொடாதே" என்று தடுத்தேன். "அப்ப நீங்க தூக்குங்க" என்றாள். ஒன்பது தொட்டி. ஒவ்வொன்றாகச் சாக்கில் கட்டிக் கீழே இறக்கினேன். அவள் கதவைப் பிடித்துக்கொண்டு எண்ணிக்கொண்டிருந்தாள். ஒன்பதாவது போனதும் கதவைச் சாத்தினாள்.

கீழே வந்து உன் அத்தானிடம் அவள் கேட்டதை அப்படியே சொன்னேன். இன்று காலை கொல்லையில் கிடந்த விறகு முழுவதையும் தனியாளாக லாரியில் ஏற்றினார். சாக்கு மூட்டைகளையும் ஏற்றினார். எங்கே என்று நான் கேட்கவில்லை. எங்காவது ஆற்றங்கரையில் கொட்டிவிடுவாரோ என்று பயமாக இருக்கிறது. இன்னும் திரும்பவில்லை.

அக்கா


ஜூலை 21

அன்புள்ள அக்காவுக்கு,

கவலைப்படாதே. அத்தான் இங்கேதான் வந்தார்.

பதினெட்டாம் தேதி மத்தியானம் சோதனைச் சாவடியிலிருந்து, கருவியை எடுத்துக்கொண்டு வா என்று ஆள் வந்தது. போனேன். நம் லாரி நிற்கிறது. காவல்காரர் தலையைச் சொறிந்துகொண்டு நின்றார். "சார், திருடிக்கிட்டு வெளியே போறவனை நிறையப் பார்த்திருக்கேன். திருப்பிக் கொடுக்க உள்ளே வர்றவனை இன்னிக்குத்தான் பார்க்கிறேன்" என்றார்.

அத்தான் என்னைப் பார்த்தார், பார்க்காததுபோலத் திரும்பிக்கொண்டார். நானும் யாரோ போலக் கருவியை விறகின்மேல் நகர்த்திக்கொண்டிருந்தேன். கண்ணாடியம்மா வந்தார். நீலப்பொட்டு வைத்த கட்டைகளைத் தனியாக எடுத்து அடுக்கச் சொன்னார். பிறகு என் பக்கம் திரும்பினார்.

"ஒரு சாம்பலுக்கு ஊர் எழுதாம வெச்சிருக்கே. பதினாறு நாளா நானும் கேட்காம இருக்கேன். இவர் உனக்கு யாரு?"

நான் வாயைத் திறப்பதற்குள் அத்தான் முந்திக்கொண்டார். "அவனுக்கு இதுல ஒண்ணும் தெரியாதுங்க."

"எங்க அத்தான்மா" என்றேன். "எனக்கு எல்லாம் தெரியும்."

அத்தான் தலையைக் குனிந்துகொண்டார். கண்ணாடியம்மா அவர் கையில் ஒரு தாளும் பேனாவும் கொடுத்து, இந்த விறகு வேறு எங்கெல்லாம் போயிருக்கிறது, மறைக்காமல் எழுதுங்கள் என்றார். முதல் வரியில் நம் பேக்கரியை எழுதினார். பிறகு யோசித்து யோசித்துப் பத்து. கேட்டவர்களுக்கு வழியில் இறக்கிக் கொடுத்தாராம். மொத்தம் பதினோரு அடுப்பு.

அவர்மேல் வழக்கு உண்டு. தானாக வந்து ஒப்படைத்ததால் தண்டனை குறையலாம் என்கிறார்கள். இரண்டு நாள் வைத்திருந்து ஜாமீனில் விட்டார்கள். இந்தக் கடிதத்துக்கு முன்னால் அவரே வந்து நிற்பார். என்னைக் காட்டு வேலையிலிருந்து எடுத்து, ஆய்வகத்தில் சீசா கழுவப் போட்டிருக்கிறார்கள். இதைவிடப் பெரிய தண்டனையை எதிர்பார்த்தேன். தோளுக்கு ஓய்வு என்று வைத்துக்கொள்கிறேன்.

போகும்போது அத்தான் என் தோளைத் தட்டி, "மரங்கொத்தி, நேரத்துக்குச் சாப்பிடு" என்றார். அவ்வளவுதான் பேசினோம்.

தம்பி


அக்டோபர் 6

அன்புள்ள தம்பிக்கு,

நீ சுகமாக இருக்க வேண்டும். சீசா கழுவிக் கழுவி விரல் சுருங்கிப்போயிருக்கும், எண்ணெய் தேய்த்துக்கொள். நாங்கள் நலம். இந்த வார்த்தையை இப்போதுதான் யோசிக்காமல் எழுத வருகிறது.

அடுப்பை இடித்துச் செங்கல் செங்கலாக எடுத்துக்கொண்டு போய்விட்டார்கள். உன் அத்தானுடைய லைசென்ஸை இரண்டு வருஷத்துக்கு நிறுத்தி வைத்திருக்கிறார்கள், சிறை இல்லை. நான் பெரிய கடைவீதியில் கரண்டு அடுப்பு வைத்திருக்கிற பேக்கரியில் வேலைக்குப் போகிறேன். அந்த அடுப்புக்கு ஒரு மணியடிக்கும், எனக்கு அதோடு இன்னும் ஒத்துப்போகவில்லை.

தையல்காரப் பெண்ணுக்குப் போன மாதம் பெண் குழந்தை. தாய்க்கும் பிள்ளைக்கும் அளந்து பார்த்தார்கள். அவளுக்குக் கொஞ்சம் இருந்தது, பயப்படுகிற அளவு இல்லை, குழந்தை நன்றாக இருக்கிறது என்று டாக்டர் சொன்னாராம். இதெல்லாம் அவள் கணவர் சொன்னது. அவள் என்னிடம் பேசுவதில்லை. மாடிப்படியில் பார்த்தால் தலையை மட்டும் அசைக்கிறாள். எனக்கு அது போதாது. ஆனால் வாசலில் நின்று கேட்டு வாங்குகிற சாமான் இல்லையே அது. மாடியில் குழந்தை அழுகிற சத்தம் கீழே நன்றாகக் கேட்கிறது. தொண்டை கணீரென்று இருக்கிறது.

நீ கேட்டுக் கேட்டு நான் பதில் சொல்லாமல் விட்டது ஒன்று இருக்கிறது. ஏப்ரலிலேயே பயம், எண் என்னவென்று தெரிந்துகொள்ளாமல் இருந்தால் அது இல்லாமல் போய்விடும் என்று நினைத்தேன். ஆகஸ்டில் போனேன். இருக்க வேண்டியதைவிட நிறைய இருந்தது. டாக்டர், "மரம்தாம்மா பிடிச்சு வெச்சுக்கும். மனுஷ உடம்பு மூணு மாசத்துக்கொரு தடவை பாதி பாதியா வெளியே தள்ளிடும்" என்றார். அடுத்த மாதம் மறுபடி வரச் சொல்லியிருக்கிறார். போவேன்.

உங்கள் கண்ணாடியம்மாவின் ஆட்கள் அந்தப் பத்து வீட்டுக்கும் சாம்பல் எடுக்க வந்தார்கள். முதல் வீட்டில் கதவையே திறக்கவில்லை, சர்க்கார் வண்டியைப் பார்த்ததும் ஜன்னலைச் சாத்திவிட்டார்கள். அதனால் நான் கூடப் போனேன். உன் அத்தான் வாளியும் முறமும் தூக்கிக்கொண்டு பின்னால் வந்தார். ஒவ்வொரு வாசலிலும் நான்தான் சொன்னேன்: "இந்த விறகை உங்களுக்குக் கொடுத்தது எங்க வீட்டுக்காரர்." ஒரு வீட்டில் அழுதார்கள். ஒரு வீட்டில் என் முகத்துக்கு நேரே விளக்குமாற்றைக் காட்டினார்கள். இரண்டு வீட்டில் தண்ணீர் கொடுத்தார்கள். ஒன்பது வீடு அப்படிப் போயிற்று. ஒன்பதிலும் அவர் வாளியைத் தூக்கிக்கொண்டு என் முதுகுக்குப் பின்னாலேயே நின்றார்.

பத்தாவது, சலவைக்கடை. பெரிய அண்டாவில் வெந்நீர் போட அந்த விறகைத்தான் எரித்திருக்கிறார்கள். அந்த அம்மாள் இடுப்பில் கைவைத்துக்கொண்டு வந்து நின்றார். நான் தொண்டையைச் சரிசெய்துகொண்டேன். அதற்குள் என் பின்னாலிருந்து வாளி தரையில் வைக்கிற சத்தம் கேட்டது. உன் அத்தான் முன்னால் வந்து நின்றார்.

"நான்தாம்மா அந்த விறகை இறக்கினவன்" என்றார். "எங்கேருந்து வந்ததுன்னு எனக்குத் தெரியும். உங்ககிட்ட மறைச்சிட்டேன்."

அந்த அம்மாள் அவரை மேலும் கீழும் பார்த்தார். பிறகு வழிவிட்டு, "அடுப்பு பின்னாடி இருக்கு. கைக்கு உறை போட்டுக்கிட்டு அள்ளுங்க" என்றார்.

நான் வாசலிலேயே நின்றேன், அவர் மட்டும் உள்ளே போனார்.

உன் அக்கா